டொராண்டோவில் நல்ல சாப்பாடு ஏன் பார்க்கிங் ஓரத்தில் இருக்கிறது?

டொராண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில், லாரன்ஸ் அவென்யூ கிழக்கில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவருக்கு முதல் பார்வையில் எதுவும் பிடிக்காது. அகலமான சாலை, தலைக்கு மேல் மின்கம்பிகள், இருபுறமும் ஒற்றைமாடிக் கடை வரிசைகள், ஒவ்வொரு வரிசைக்கு முன்னாலும் கார் நிறுத்த ஒரு பெரிய தார் முற்றம். இதை இங்கே எல்லோரும் பிளாசா என்கிறார்கள். ஒரே பிளாசாவில் பல் மருத்துவர் இருப்பார், துணி துவைக்கும் கடை இருக்கும், வருமான வரிக் கணக்கு எழுதித் தருபவர் இருப்பார். அவர்களுக்கு நடுவே ஒரு ஷவர்மா கடை, ஆப்கானிய ரொட்டி அடுப்பு, ஜமைக்காக்காரர் கோழி சுடும் கடை, இடியப்பம் விற்கும் யாழ்ப்பாணத்துக் கடை. படங்களில் பார்க்கிற சிஎன் கோபுரம் இங்கிருந்து வெகு தூரம். ஆனால் டொராண்டோவில் எங்கே சாப்பிடலாம் என்று யார் கேட்டாலும் நான் முதலில் அனுப்புவது இந்தப் பக்கம்தான்.

ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் நகர மையத்தில்தான் சாப்பாட்டைத் தேடுகிறார்கள். அங்கேயும் நல்ல உணவகங்கள் நிறைய உண்டு. உணவகங்களுக்கு நட்சத்திரம் தரும் மிஷ்லின் வழிகாட்டி 2022இல் டொராண்டோவுக்கு வந்தபிறகு அவற்றின் புகழ் இன்னும் கூடியிருக்கிறது. ஆனாலும் இந்த நகரத்தை உலகச் சமையலின் ஊராக்கியது அந்த மேசைகள் அல்ல. தன் ஊர்க்காரருக்காக ஒருவர் சமைத்த சாப்பாடுதான் இந்த ஊரின் பலம். அது ஏன் இங்கே இவ்வளவு கிடைக்கிறது, ஏன் இப்படிப்பட்ட இடங்களில் கிடைக்கிறது என்று தெரிந்துகொண்டால், தேடுகிற விதமும் சாப்பிடுகிற விதமும் மாறிவிடும்.

முதலில் சட்டம். கனடா எப்போதும் கதவைத் திறந்து வைத்திருந்த நாடு இல்லை. சீனர்கள் உள்ளே வர 1885இல் 50 டாலர் தலைவரி கட்ட வேண்டியிருந்தது. 1903இல் அது 500 டாலர் ஆனது. 1923 முதல் 1947 வரை அவர்கள் குடியேறவே ஏறக்குறைய முழுத் தடை. 1962இல்தான் குடியேற்ற விதிகளிலிருந்து இன பேதத்தைப் பெரும்பாலும் நீக்கினார்கள். 1967இல் படிப்பு, தொழில், மொழி ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட்டு ஆட்களை எடுக்கும் முறை வந்தது. அதன்பின் வந்தவர்களின் கதை ஒவ்வொன்றும் ஒரு அடுப்போடு சேர்ந்தது. 1979-80இல் வியட்நாம், கம்போடியா, லாவோஸ் நாடுகளிலிருந்து 60,000 அகதிகளை கனடா ஏற்றது. இன்று எந்தப் பகுதிக்குப் போனாலும் வியட்நாம்காரர்களின் ஃபோ சூப் கடை ஒன்று இருக்கிறது. 1983 ஜூலையில் இலங்கையில் நடந்த கலவரத்துக்குப் பிறகு ஈழத்தமிழர் வரத் தொடங்கினார்கள். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தவித்த 155 தமிழர்களை மீனவர்கள் மீட்டார்கள். ஹாங்காங்கை 1997இல் சீனாவிடம் ஒப்படைப்பது என்று 1984இல் முடிவானதும், அங்கிருந்து வந்த குடும்பங்கள் ஸ்கார்பரோவின் வடக்கையும் அதை அடுத்த மார்க்கம் நகரத்தையும் நிறைத்தன.

ஆகவே ஒரு பிளாசாவின் பெயர்ப்பலகைகளை மேலிருந்து கீழாகப் படிப்பது, உலகத்தில் எங்கெங்கே எந்த ஆண்டு எது நடந்தது என்று படிப்பதைப் போலத்தான். பல கடைகளுக்குப் பின்னால் ஒரு போர், ஒரு ஒப்பந்தம், அல்லது ஒரு கலவரம் இருக்கிறது. சாப்பிடும்போது இதையெல்லாம் நினைத்து வருந்த வேண்டும் என்று சொல்லவில்லை. சமைத்தவர் எதைச் சுமந்து வந்தார் என்று தெரிந்தால், அவருடைய சாப்பாட்டை அவர் தருகிற விதத்திலேயே சாப்பிடத் தோன்றும்.

சரி, ஏன் பிளாசா? இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய 1950களிலும் 60களிலும் ஸ்கார்பரோ கார் வைத்திருக்கும் குடும்பங்களுக்காகக் கட்டப்பட்ட புறநகர். எக்ளின்டன் அவென்யூவில் இருந்த கோல்டன் மைல் பிளாசாவைப் பார்க்க 1959இல் எலிசபெத் அரசியே வந்தார், அவ்வளவு நவீனமாகத் தோன்றியது அது. பிறகு பெரிய மால்கள் வந்தன, பழைய கடைகள் மங்கின, வாடகை ஏறாமல் நின்றது. அதே காலத்தில் பக்கத்துக் கான்கிரீட் அடுக்குமாடிகளில் புதிதாக வந்த குடும்பங்கள் நிறைந்தன. காலியான கடை, குறைந்த வாடகை, நடந்துவரும் தூரத்தில் சொந்த மொழி பேசும் ஆயிரம் குடும்பங்கள். உணவகம் தொடங்கக் கையில் பெரிய முதல் இல்லாத ஒருவருக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. வாடகை குறைவு என்றால், எல்லோருக்கும் பிடிக்கிற மாதிரி சமைக்க வேண்டிய கட்டாயமும் குறைவு. நகர மையத்தில் மாதம் பெருந்தொகை கட்டுகிறவர் காரத்தைக் குறைத்துத்தான் ஆகவேண்டும். பிளாசாக்காரர் குறைக்கத் தேவையில்லை.

இது எளிதாக நடந்துவிடவும் இல்லை. 1984இல் அஜின்கோர்ட் பகுதியில், ஸ்கேட்டிங் மைதானமாக இருந்த ஒரு கட்டடத்தை மாற்றி டிராகன் சென்டர் என்ற சீன வணிக மையம் திறந்தார்கள். வட அமெரிக்காவின் முதல் சீன உள்ளரங்க மால்களில் அதுவும் ஒன்று. கூட்டம் குவிந்தது. உடனே பக்கத்தில் குடியிருந்தவர்கள் பார்க்கிங் தொல்லை என்று கூட்டம் போட்டார்கள். அந்தக் கூட்டத்தில் பேசப்பட்டது பார்க்கிங்கைப் பற்றி மட்டும் அல்ல, சீனர்களைப் பற்றியும்தான். இன்று ஞாயிறு காலை டிம்சம் சாப்பிட எல்லா இனத்தவரும் வரிசையில் நிற்கிற அதே ஸ்கார்பரோவில்தான் இது நடந்தது.

சென்னையில் கையேந்தி பவனில் நின்று சாப்பிட்டுப் பழகியவருக்கு இன்னொரு கேள்வி வரும்: இத்தனை நாட்டு மக்கள் இருக்கிற ஊரில் தெருவோரச் சாப்பாடு எங்கே? தெருவில் நிற்பவை ஹாட்டாக் வண்டிகள்தான். ஒன்டாரியோ மாகாணத்தின் சுகாதார விதி நெடுங்காலம் தெருவண்டியில் முன்பே வெந்த இறைச்சி மாதிரி ஒன்றிரண்டை மட்டும் அனுமதித்தது. 2007இல் அதைத் தளர்த்தினார்கள். 2009இல் மாநகராட்சியே பல நாட்டு உணவுக்கான வண்டித் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. வண்டியின் வடிவத்தையும் நிற்கும் இடத்தையும் மாநகராட்சியே முடிவு செய்தது. விலையும் எடையும் கூடிய அந்த வண்டிகளை இழுத்து விற்பனையாளர்கள் நொந்துபோனார்கள், 2011இல் திட்டமே முடிந்தது. தெருவில் இருந்திருக்க வேண்டிய சாப்பாடு பிளாசாவுக்குள் போனதற்கு இது ஒரு காரணம். குளிர் இன்னொரு காரணம். சைபருக்குக் கீழே 15 டிகிரியில் யாரும் நின்றுகொண்டு கொத்து சாப்பிட மாட்டார்கள்.

கொத்து என்றதும் யாழ்ப்பாணத்துக் கடைகளுக்கு வருகிறேன், ஏனென்றால் இந்த ஊரின் பொருளாதாரத்தை நான் புரிந்துகொண்டது அங்கேதான். ஈழத்தமிழர்கள் இவற்றை டேக் அவுட் என்பார்கள். (டொராண்டோவை அவர்கள் ரொறன்ரோ என்று எழுதுவார்கள். முதலில் எனக்கு விசித்திரமாக இருந்தது, இப்போது அதுதான் காதுக்குச் சரியாகப் படுகிறது.) உட்கார மேசை இரண்டோ மூன்றோ இருக்கும், சில கடைகளில் அதுவும் கிடையாது. கண்ணாடிப் பெட்டிக்குள் மட்டன் ரோல்ஸ், பற்றிஸ், மீன் கட்லெட், வடை. பின்னால் தட்டுத் தட்டாகக் கறிகள். இடியப்பத்தை ஐம்பது, நூறு என்று எண்ணி வாங்கிப் போகிறார்கள். சம்பலும் சொதியும் கூடவே வரும்.

நான் முதன்முதல் போனபோது மதுரைத் தமிழில் "காரமா இருக்குமாக்கா?" என்று கேட்டேன். அந்த அக்கா, "உறைப்போ? உறைப்பில்லாட்டி என்ன கறி தம்பி?" என்றார். பிறகு, "ரோல்ஸ் இப்பத்தான் போட்டது, சூடாக் கிடக்கு, ரெண்டு எடுங்கோ." எடுத்தேன். நம் ஊர் பப்ஸை நினைத்துக்கொண்டு கடித்தால், உள்ளே உருளைக்கிழங்கோடு மிளகு தூக்கலாக ஆட்டிறைச்சி, வெளியே ரஸ்க் தூள் பூசிப் பொரித்த மொறுமொறுப்பு. கண்ணில் நீர் வந்தது. அடுத்த வாரமும் போனேன்.

இந்தக் கடைகள் யாருக்காக நடக்கின்றன என்று பாருங்கள். இரண்டு வேலை பார்த்துவிட்டு இரவு வீடு திரும்புகிற கணவன், ஷிப்டுக்குப் போகிற மனைவி, பள்ளியிலிருந்து பசியோடு வருகிற பிள்ளைகள். சமைக்க நேரமில்லை, ஆனால் வேறு சாப்பாடு இறங்காது. ஆகவே விலை குறைவாக இருக்க வேண்டும், அளவு நிறைய இருக்க வேண்டும், ருசி அம்மாவின் கைப்பக்குவத்துக்கு அருகில் இருக்க வேண்டும். ருசி தவறினால் மறுநாளே தெரிந்துவிடும், அடுத்த பிளாசாவில் இன்னொரு கடை இருக்கிறது. ஒரு விமர்சகர் ஆண்டுக்கு ஒருமுறை வந்து மதிப்பிடுவதைவிட, பக்கத்து வீட்டு அக்கா தினமும் வந்து வாங்கிப் பார்ப்பது கடுமையான சோதனை. லாபம் சிறியது, குடும்பமே உழைப்பதால் கடை நிற்கிறது. குறைந்த விலையில் நாம் சாப்பிடும் ஒவ்வொரு பொட்டலத்திலும் யாரோ ஒருவருடைய சம்பளமில்லாத மணிநேரம் கலந்திருக்கிறது. இதைச் சொல்லாமல் இந்த ஊரின் மலிவுச் சாப்பாட்டைப் புகழ்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

காய்கறி வரத்தும் இந்தக் கடைகளுக்குத் துணை. 1954 முதல் இயங்கும் ஒன்டாரியோ ஃபுட் டெர்மினல் என்ற மொத்தச் சந்தை வட அமெரிக்காவின் பெரிய காய்கனிச் சந்தைகளில் ஒன்று. தமிழ்க் கடைகளில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் பனிக்காலத்திலும் கிடைக்கின்றன.

இனி, இந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்த கதை. புதிதாக வந்தவர் பிளாசாவில் 'ஹக்கா' என்று ஒரு பலகையைப் பார்ப்பார். அங்கே போனால் சில்லி சிக்கன், மஞ்சூரியன், ஹக்கா நூடுல்ஸ். நம் ஊர்க் கல்யாண ரிசப்ஷனில் கோபி மஞ்சூரியன் சாப்பிட்டவருக்கு அது அப்படியே சொந்த ருசி. ஆனால் கல்லாவில் இருப்பவர் சீனர், பல சமயம் நல்ல இந்தி பேசுகிறவர். எப்படி?

ஹக்கா என்பது சீனாவின் தென்பகுதியைச் சேர்ந்த ஒரு மக்கள் கூட்டம். அவர்களில் பலர் கல்கத்தாவுக்கு வந்து, டாங்ரா பகுதியில் தோல் பதனிடும் தொழிலில் ஊன்றினார்கள். மற்றவர்கள் தொடத் தயங்கிய அந்தத் தொழில்தான் அவர்களுக்குச் சோறு போட்டது. வீட்டுச் சமையலில் வங்காளத்துப் பச்சைமிளகாயும் இஞ்சி பூண்டும் ஏறின, சோயா சாஸும் வினிகரும் அப்படியே நின்றன. இந்தியச் சீனச் சமையல் பிறந்த இடங்களில் முக்கியமானது அதுதான். 1962 இந்திய-சீனப் போர் வந்தது. இந்தியாவிலேயே பிறந்து வளர்ந்த சீனர்கள் சந்தேகத்துக்கு ஆளானார்கள். சுமார் 3,000 பேரை ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைத்தார்கள், சிலர் அங்கே ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள். வெளியே இருந்தவர்கள் ஊர் விட்டு ஊர் போகவும் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. அதன்பின் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பினார்கள், பலர் டொராண்டோவுக்கு வந்தார்கள். 1996இல் கல்கத்தாவின் தோல் பதனிடும் ஆலைகளை இடம்மாற்றச் சொல்லி உச்சநீதிமன்றம் உத்தரவிட்டபோது, எஞ்சியவர்களின் பிடிப்பும் தளர்ந்தது.

டொராண்டோவில் அவர்கள் கடை திறந்தபோது முதலில் தேடிவந்தது யார்? இந்தியர், பாகிஸ்தானியர், வங்கதேசத்தவர், இலங்கைத் தமிழர். கனடாவின் மற்றச் சீன உணவகங்களில் கிடைக்காத ஒன்று இவர்களிடம் இருந்தது, நம்முடைய உறைப்பு. பல ஹக்கா கடைகள் ஹலால் இறைச்சி மட்டுமே வைப்பதால் முஸ்லிம் குடும்பங்களும் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிடுகின்றன. எந்த நாடு அவர்களைச் சந்தேகித்ததோ அந்த நாட்டு மக்களின் ஏக்கத்தை அவர்கள்தான் இங்கே தீர்க்கிறார்கள். சில்லி சிக்கன் தட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு தேவ்லி நினைவுக்கு வருகிறது. ஊரில் இருந்தவரை எனக்கு அந்தப் பெயரே தெரியாது.

இப்படிச் சுற்றிவந்த இன்னொரு சாப்பாடு கரீபியன் ரொட்டி. டொராண்டோவில் யாராவது ரொட்டி சாப்பிடப் போகலாமா என்றால், பெரும்பாலும் டிரினிடாட், கயானா ரொட்டியைத்தான் சொல்கிறார்கள்: அகலமான ரொட்டிக்குள் ஆட்டுக்கறியோ உருளையும் கொண்டைக்கடலையுமோ வைத்து மடித்த பொட்டலம். 1838 முதல் கயானாவுக்கும் 1845 முதல் டிரினிடாடுக்கும் இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் இதை இங்கே கொண்டுவந்தார்கள். பெரும்பாலோர் போஜ்புரி பேசிய பகுதிகளிலிருந்து போனவர்கள், சென்னைத் துறைமுகத்திலிருந்து போன நம்மவர்களும் உண்டு. அவர்களிடம் ஒரு பரோட்டா இருக்கிறது, கல்லிலேயே அடித்துக் கிழித்துத் தருவார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயருக்கு 'கிழிந்த சட்டை' என்று பொருள். நம் பரோட்டா மாஸ்டர் இரண்டு கையாலும் தட்டி உதிர்ப்பதைப் பார்த்தவருக்கு விளக்கமே தேவையில்லை.

ஜமைக்கா பட்டிக்கும் ஒரு சண்டைக் கதை உண்டு. 1955 முதல் கரீபியனிலிருந்து பெண்களை வீட்டுவேலைக்கு எடுக்கும் திட்டம் ஒன்று இருந்தது. அவர்களும் பின்னால் வந்த அவர்களுடைய சொந்தங்களும் கொண்டுவந்த மஞ்சள் நிற மாவுறைக்குள் காரமான மாட்டிறைச்சி வைத்த பண்டம் அது, சில சுரங்க ரயில் நிலையங்களிலேயே விற்பார்கள். 1985இல் மத்திய அரசு அதிகாரிகள் அதை 'பீஃப் பட்டி' என்று சொல்லி விற்கக்கூடாது என்றார்கள். சட்டப்படி பீஃப் பட்டி என்றால் பர்கருக்குள் வைக்கும் வெறும் இறைச்சி வட்டம்தான் என்பது அவர்கள் வாதம். கடைக்காரர்கள் விடவில்லை, செய்தி நாடு முழுக்கப் போனது, கடைசியில் 'ஜமைக்கன் பட்டி' என்ற பெயரில் சமாதானம் ஆனது. ஒரு சாப்பாட்டின் பெயருக்காக அரசோடு மல்லுக்கு நின்றவர்கள் அவர்கள்.

இந்தக் கடைகளில் எப்படிச் சாப்பிடலாம்? எனக்குப் பலன் தந்த வழி ஒன்றே ஒன்று: அந்த ஊர்க்காரர்கள் கூடும் நேரத்தில் போய், அவர்கள் மேசையில் என்ன இருக்கிறது என்று பார்த்து, அதையே கேட்பது. படத்தோடு தொங்கும் மெனு பெரும்பாலும் வெளியாட்களுக்கானது. 'நீங்கள் வீட்டில் சாப்பிடுவது எது?' என்று கேட்டதற்கு இதுவரை யாரும் முகம் சுளித்ததில்லை. எத்தனையோ முறை மெனுவிலேயே இல்லாத ஒன்று அதனால் கிடைத்திருக்கிறது.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு நான் சொல்வது டான்ஃபோர்த் தெருவின் எத்தியோப்பியக் கடைகள். அவர்களுடைய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையில் புதன், வெள்ளி நோன்பு. அன்று இறைச்சி மட்டுமல்ல, பால், வெண்ணெய்கூடக் கிடையாது. அதனால் பருப்பும் காயும் கீரையும் வைத்தே முழு விருந்து சமைக்கத் தெரிந்தவர்கள். டெஃப் என்ற சிறுதானிய மாவைப் புளிக்கவைத்து வார்க்கும் இஞ்சேரா, இரண்டு நாள் புளித்த மாவில் சுட்ட தோசையின் உறவுக்காரன். அதன்மேலேயே குழம்புகளை ஊற்றி, கையால் கிழித்து, ஒரே தட்டில் எல்லோரும் சாப்பிட வேண்டும். கரண்டி தேடாமல் கை வைக்கத் தெரிந்த நமக்கு அங்கே முதல் நாளே மரியாதை. தாய்லாந்து, வியட்நாம் கடைகளில் மட்டும் சைவக்காரர் கேட்டுச் சாப்பிடுவது நல்லது. காய்கறித் தட்டிலும் மீன் சாஸ் இருக்கும்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மெனுவில் இருக்கும் விலைக்கு மேல் 13% வரி, உட்கார்ந்து சாப்பிட்டால் 15% அளவுக்கு டிப்ஸ். ஆக இருபது டாலர் என்று கணக்குப் போட்டு வந்தவர் இருபத்தாறுக்குப் பக்கத்தில் கொடுப்பார். அப்புறம், வாசல் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் அட்டையைப் பாருங்கள். 2001 முதல் மாநகராட்சியின் சுகாதாரப் பரிசோதனை முடிவு எல்லோர் கண்ணிலும் படும்படி அங்கே இருக்க வேண்டும். பச்சை என்றால் தேறியது, மஞ்சள் என்றால் திருத்தச் சொல்லியிருக்கிறார்கள், சிவப்பு என்றால் மூடல். சின்னக் கடை என்பதால் சுத்தம் இருக்காது என்று நினைப்பவர்களுக்கு அந்தப் பச்சை அட்டையே பதில்.

இதெல்லாம் எத்தனை நாளைக்கு? எக்ளின்டன் மேற்கில் லிட்டில் ஜமைக்கா என்று அழைக்கப்படும் பகுதி இருக்கிறது. அந்தச் சாலைக்குக் கீழே ரயில் பாதை போட 2011இல் தோண்டத் தொடங்கினார்கள். பத்தாண்டு தாண்டியும் வேலை முடியாமல், வேலியும் புழுதியுமாக நின்ற சாலையில் வாடிக்கையாளர் வரத்து குறைந்து எத்தனையோ கடைகள் மூடின. ஸ்கார்பரோவில் ஆபத்து வேறு மாதிரி. ஒற்றைமாடிப் பிளாசாவும் பெரிய தார் முற்றமும் கட்டட நிறுவனங்களின் கண்ணுக்கு வீணாகும் நிலம். அங்கே முப்பது மாடி எழுப்பலாம். நகரத்துக்கு வீடுகள் வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் புதிய கட்டடத்தின் தரைத்தளத்துக் கடை வாடகையில் ரோல்ஸ் விற்றுப் பிழைக்க முடியாது. அந்த வாடகையைக் கட்டக்கூடியவை பெரும்பாலும் வங்கியும் காபிக் கம்பெனியும்தான். டிராகன் சென்டர் இருந்த இடத்துக்கும் குடியிருப்புத் திட்டம் வந்துவிட்டது. இருக்கும் கடைகளுக்கே, தாங்கக்கூடிய வாடகையில், புதிய கட்டடத்தில் இடம் என்று அனுமதி கொடுக்கும்போதே எழுதி வாங்கினால் ஒழிய இவை மிஞ்சாது.

பிள்ளைகள் கடையை எடுத்து நடத்துவார்களா என்பது தனிக் கேள்வி. பெரும்பாலான பெற்றோர் அதை விரும்பவே இல்லை. பிள்ளை படித்து வேறு வேலைக்குப் போகட்டும் என்றுதானே விடியற்காலை எழுந்து மாவு பிசைந்தார்கள்.

நான் ரோல்ஸ் வாங்கும் பிளாசாவின் முகப்பிலும் போன இலையுதிர் காலத்தில் ஒரு பெரிய அறிவிப்புப் பலகை நட்டிருக்கிறார்கள், வரப்போகும் கட்டடத்தின் படத்தோடு. அக்காவிடம் கேட்டேன். "எங்கட லீசுக்கு இன்னும் ரெண்டு வருசம் இருக்கு தம்பி" என்றபடி பொட்டலத்தைக் கட்டினார். "சம்பல் கூட வைக்கவோ?"